பனியில் பங்கு: உயிர்தப்பிய கதைகளில் கூட்டாளிகளின் பந்தத்தை ஒப்பிட்டுப் படிக்கும் முறை

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் தமிழ் வகுப்போ வாசிப்பு வட்டமோ நடத்துபவர்கள் ஜூலை விடுமுறையில் செய்யத்தக்க ஒரு வாசிப்புப் பயிற்சி இது. பனியில் சிக்கி உயிர்தப்பியவர்களின் கதைகளில் இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கூட வந்தவர்களுக்குள் இருந்த பந்தத்தை அந்த இரண்டும் எப்படிக் காட்டுகின்றன என்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மூலத்தை ஆங்கிலத்தில் படிக்கலாம். பேச்சும் எழுத்தும் தமிழில் இருக்கட்டும். காரணம் பிறகு வருகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதைகளில் பந்தத்தைத் தேடும் இடம் பாசமொழி அல்ல, பங்கு. “நாங்கள் உடன்பிறந்தவர்கள் போல இருந்தோம்” என்ற வரி இல்லாத நினைவுக்குறிப்பே கிடையாது. அந்த வரியை வைத்து இரண்டு கதைகளைப் பிரித்தறிய முடியாது. பிஸ்கட்டை யார் பிரித்தார், சூடான படுக்கைப் பை யாருக்குப் போனது, கூடாரத்தின் ஈரமான ஓரத்தில் யார் படுத்தார் என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு கதையும் வேறு முகம் காட்டும். தமிழுக்கு இது புதிதல்ல. பங்கு பெறுகிறவன் நம் மொழியில் பங்காளி. அதே சொல்தான் வழக்குப் போடும் தாயாதியையும் குறிக்கிறது.

கதைகளைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு போதும். மூன்றாவதைச் சேர்த்தால் புதியவர்கள் ஒப்பிடுவதை விட்டுவிட்டுச் சுருக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஒன்றில் பதவிப் படிநிலை இருக்க வேண்டும்: தலைவர், அதிகாரி, மாலுமி என்று. மற்றது ஏறக்குறைய சமமானவர்களின் கூட்டமாக இருக்கட்டும். முதன்முறை செய்பவர்களுக்குப் பொருத்தமான இணை இது: ஷாக்கிள்டன் தலைமையில் எண்டியூரன்ஸ் என்ற கப்பல் அண்டார்டிக்காவுக்குப் போன பயணம், 1914 முதல் 1917 வரை; தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானம், 1972. முதலாவதில் சம்பளத்துக்கு வந்த மாலுமிகளும் படித்த அறிவியலாளர்களும் ஒரே கூடாரத்தில் இருக்கிறார்கள். இரண்டாவதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே ரக்பி அணியும் அதன் நண்பர்களும். நம் நாட்டில் ரக்பியை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

ஷாக்கிள்டன், தென் துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் இறந்த ஸ்காட், ஸ்காட்டின் பயணத்தில் இருந்த செர்ரி-காரார்ட் ஆகியோரின் நூல்கள் நம் நாட்டில் காப்புரிமை முடிந்தவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கதையிலும் 40 பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பனி தொடங்கும் பக்கமும் மீட்புப் பக்கமும் எல்லாருக்கும் பிடிக்கும். நமக்கு வேண்டியது நடுப்பகுதி, அதாவது ஒன்றும் நடக்காமல் வெறுமனே காத்திருந்த வாரங்கள். பங்கு பிரிப்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

டர்பனில் பனி பெய்வதில்லை. ஆனால் 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாயில் பெய்த பனியில் என்-3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, வண்டிகள் இரவு முழுக்கச் சிக்கிக்கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். முதல் வகுப்பை அங்கிருந்து தொடங்குங்கள். வண்டியில் நான்கு பேர், ஒரு போர்வை, அரைத் தொட்டி பெட்ரோல். ஹீட்டரை எப்போது போடுவது, யார் முடிவு செய்வது என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாரும் பங்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

எண் அட்டை

கதைக்கு ஒரு அட்டை. அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை பேர் மீண்டார்கள், கூட்டம் எப்போதெல்லாம் பிரிந்தது. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்; பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

எண்டியூரன்ஸ் அட்டை இப்படி இருக்கும். 28 பேர். கப்பல் 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டியில் சிக்கியது. அக்டோபர் 27-இல் கைவிட்டார்கள். நவம்பர் 21-இல் மூழ்கியது. 1916 ஏப்ரல் 15-இல் மூன்று படகுகளில் யானைத் தீவை அடைந்தார்கள். ஏப்ரல் 24-இல் கூட்டம் பிரிந்தது. ஷாக்கிள்டனையும் சேர்த்து ஆறு பேர் ஜேம்ஸ் கேர்ட் என்ற படகில் ஏறக்குறைய 800 கடல்மைல் தாண்டித் தெற்கு ஜார்ஜியாவுக்குப் போனார்கள். 22 பேர் துணைத்தலைவர் பிராங்க் வைல்டின் பொறுப்பில், கவிழ்த்த இரண்டு படகுகளின் அடியில், ஆகஸ்ட் 30 வரை காத்திருந்தார்கள். தெற்கு ஜார்ஜியாவில் மறுபடி ஒரு பிரிவு: மூன்று பேர் மலையைக் கடந்தார்கள், மூன்று பேர் கரையில் இருந்தார்கள். 28 பேரும் உயிரோடு மீண்டார்கள்.

ஆண்டிஸ் அட்டை: 45 பேர். 1972 அக்டோபர் 13-இல் விமானம் விழுந்தது. அக்டோபர் 29-இல் பனிச்சரிவில் எட்டுப் பேர் இறந்தனர். டிசம்பர் 12-இல் பராடோ, கனெசா, விசின்டின் மூவரும் உதவி தேடி மேற்கே நடந்தார்கள். சில நாளில் விசின்டினைத் திருப்பியனுப்பினார்கள். 72 நாளுக்குப் பின் மீண்டவர்கள் 16 பேர்.

மாதங்களில் ஒரு வசதி உண்டு. லண்டனில் படிப்பவர் ஜூன் மாதத்தைக் குளிர்காலமாக மாற்றி நினைக்க வேண்டும். நமக்கு அது தேவையில்லை. யானைத் தீவில் ஜூன் 22-இல் நடுக்குளிர் நாள் கொண்டாடியபோது இங்கும் அதே நாள்தான் மிகக் குறுகிய பகல்களில் ஒன்று. ஆண்டிஸ் விபத்து நடந்தது வசந்தத்தில். பனி உருகும் பருவம் நெருங்குகிறது என்ற கணக்கு அவர்களுடைய முடிவுகளுக்கு அடியில் இருந்தது. அட்டையில் இதையும் எழுதுங்கள்.

யார் சொல்கிறார், எப்போது எழுதினார்

ஸ்காட்டின் துருவக் குழுவில் இருந்த ஓட்ஸின் கதையை எல்லாரும் கேட்டிருப்பார்கள். 1912 மார்ச் நடுவில், கால் அழுகிய நிலையில், மற்ற மூவருக்குச் சுமையாக இருக்க விரும்பாமல், வெளியே போகிறேன், திரும்ப நேரமாகலாம் என்று சொல்லிவிட்டுப் பனிப்புயலுக்குள் நடந்தவர். (அதே மனிதர் 1901-இல் ஆங்கில-போயர் போரில் கேப் காலனியில் தொடையில் குண்டு வாங்கியவர்.) அந்தச் சொற்கள் நமக்கு வந்த வழி ஒன்றே ஒன்று: ஸ்காட்டின் நாட்குறிப்பு. கேட்ட மற்ற இருவரும் கூடாரத்திலேயே இறந்தார்கள். அதனால் சொற்கள் பொய் என்று ஆகாது. எழுதியவர் தலைவர், எழுதும்போதே தன் குறிப்பைப் பிறர் படிப்பார்கள் என்று அறிந்தவர் என்பதை அந்த வரிக்குப் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூன்று எழுத்தில் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அன்றிரவே எழுதியது என்றால் ‘அ’. ஊர் திரும்பிய பின் எழுதியது ‘தி’. வேறொருவர் கேட்டு எழுதியது ‘கே’. எண்டியூரன்ஸுக்கு முந்தைய ஒரு பயணத்தில், 1909 ஜனவரி 31-இல், ஷாக்கிள்டன் தன் பங்கான ஒரு பிஸ்கட்டை நோயுற்றிருந்த வைல்டுக்குக் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். எத்தனை ஆயிரம் பவுன் கொடுத்தாலும் அந்த ஒரு பிஸ்கட் கிடைத்திராது என்று வைல்ட் தன் நாட்குறிப்பில் எழுதினார். இது ‘அ’. பசி அடங்காத வயிற்றோடு எழுதிய வரி என்பதால் அதற்குத் தனி மதிப்பு. செர்ரி-காரார்டின் நூல் 1922-இல் வந்தது. வில்சன், பவர்ஸ் என்ற தன் நண்பர்கள் இருவரும் ஸ்காட்டோடு இறந்து பத்தாண்டு ஆன துக்கம் அதில் கலந்திருக்கிறது. அது ‘தி’. ஆண்டிஸைப் பற்றி 2023-இல் வந்த திரைப்படம் மீட்புக்குச் சில நாள் முன் இறந்துபோன நூமா துர்காத்தியின் குரலில் கதை சொல்கிறது. நல்ல கலைத்தேர்வு. ஆனால் இறந்தவர் அப்படிச் சொன்னார் என்று மேற்கோள் காட்டினால் தவறு. படத்தைச் சாட்சியாக எடுப்பது புதியவர்கள் அதிகம் விழும் குழி.

பங்குக் கணக்கு

இதுதான் வேலையின் நடுமையம். இரண்டாம், மூன்றாம் வாரங்களை முழுக்க இதற்கே ஒதுக்குங்கள்.

நோட்டுப் புத்தகத்தை அகலவாட்டில் திருப்பி ஆறு கட்டம் போடுங்கள்: உணவு, சூடு, இடம், வேலை, சுமை, மருந்து. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கேள்வி. யார் பிரித்தார்? என்ன விதிப்படி? விதியை யாராவது மீறிக் கொடுத்தார்களா, எடுத்தார்களா? பக்க எண் இல்லாத பதிலை எழுதக் கூடாது.

உணவைப் பாருங்கள். 1902-03-இல் ஸ்காட், வில்சன், ஷாக்கிள்டன் மூவரும் தெற்கே நடந்தபோது ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் உணவை மூன்று கூறாக்குவார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிரித்தவர் ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?” என்பார், பார்க்காதவர் பெயர் சொல்வார். இதில் அன்பும் உண்டு, ஐயமும் உண்டு. ஐயம் வளராமல் இருக்க முன்கூட்டியே போட்ட வேலி என்று கொள்ளலாம். மாணவர்கள் இதை “நம்பிக்கை இல்லை” என்று எழுதினால் திருத்துங்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே அளவுக் கரண்டியின் அருமை தெரியும்.

அடுத்து 1911 ஜூன் 27 முதல் ஆகஸ்ட் 1 வரை, துருவ இருட்டில், பென்குவின் முட்டை தேடிக் கேப் குரோசியருக்குப் போன மூவர்: வில்சன், பவர்ஸ், செர்ரி-காரார்ட். குளிர் மைனஸ் 60 பாகை செல்சியஸ் வரை போனது. துருவப் பயணத்துக்கு எந்த உணவு விகிதம் நல்லது என்று சோதிக்க ஒருவர் பிஸ்கட்டை அதிகமாகவும், ஒருவர் பெமிக்கனை அதிகமாகவும், ஒருவர் வெண்ணெயை அதிகமாகவும் எடுத்துக்கொண்டார்கள். பெமிக்கன் என்பது உலர்ந்த இறைச்சிப்பொடியும் கொழுப்பும் சேர்த்த கட்டி. செர்ரி கொழுப்புக்கு ஏங்கினார். வில்சனால் தன் வெண்ணெயைத் தின்று தீர்க்க முடியவில்லை. இருவரும் மாற்றிக்கொண்டார்கள். பின்னாளில் துருவத்துக்குப் போனவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பிஸ்கட் 450 கிராம், பெமிக்கன் 340 கிராம் என்று வைத்த பங்குக்கு அடிப்படை இந்தச் சோதனைதான். பந்தம் அறிவியல் வேலையாகவும் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சூட்டுக் கட்டத்துக்கும் அதே பயணம் உதவும். பவர்ஸ் தன் படுக்கைப் பைக்குள் போடும் மென்தூவி உறையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தார். செர்ரி நடுங்குவதைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கொடுத்தார். செர்ரி பல முறை மறுத்து, கடைசியில் வாங்கிக்கொண்டார். இங்கே நிறுத்தி, “உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு” என்ற குறளை எழுதிப்போடுங்கள். ஆடை நழுவும்போது கை யாரும் சொல்லாமலே போகிறது. கேட்டபின் கொடுத்த உதவி, கேளாமல் கொடுத்த உதவி என்று கட்டத்தை இரண்டாக வகுத்தால் கதைகள் சட்டென்று பிரிந்து நிற்கும். மறுத்தவரின் மனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்கிக்கொள்வதும் ஒரு பங்குதான்.

எண்டியூரன்ஸில் 28 பேருக்கு மென்மயிர்ப் படுக்கைப் பைகள் 18 மட்டுமே இருந்தன, மற்றவை கம்பளி. சீட்டுக் குலுக்கினார்கள். ஷாக்கிள்டன், வைல்ட், கப்பல் தலைவர் வொர்ஸ்லி முதலிய அதிகாரிகளுக்குக் கம்பளி விழுந்தது. மென்மயிர்ப் பைகள் கீழுள்ள மாலுமிகளுக்குப் போயின. சீட்டில் கைவேலை இருந்தது என்று பேக்வெல் என்ற மாலுமி நன்றியோடு எழுதினார். இந்த இடத்தில் மாணவர்கள் உருகிவிடுவார்கள். உருகட்டும். ஆனால் அடுத்த வரியில் மெக்நிஷ்ஷை எழுதவைக்க வேண்டும்.

ஹாரி மெக்நிஷ் கப்பல் தச்சர். கப்பல் போனபின் ஒப்பந்தமும் போயிற்று, இனி கட்டளைக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்று 1915 டிசம்பர் கடைசியில் பனியில் நின்று வாதாடினார். அவருடைய பூனையை, உணவு போதாது என்று, அதற்கு முன்பே சுட்டிருந்தார்கள். இதே மெக்நிஷ்தான் ஜேம்ஸ் கேர்டின் பக்கங்களை உயர்த்தி, மேல்தளம் போட்டு, கடலுக்குத் தாங்கும்படி ஆக்கினார். அந்த வேலை இல்லாமல் அந்தப் படகு தெற்கு ஜார்ஜியாவை அடைந்திருக்கும் என்று நம்புவது கடினம். ஊர் திரும்பியபின் துருவப் பதக்கம் மறுக்கப்பட்ட நால்வரில் அவரும் ஒருவர். நட்பு இல்லாமலும் உயிரைக் காக்கும் பந்தம் உண்டு என்பதை இந்த ஒருவரை வைத்தே கற்றுக்கொடுக்கலாம். நட்பு என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்தால் மெக்நிஷ் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்.

இடமும் வேலையும் ஆண்டிஸ் கதையில் வளமாக இருக்கின்றன. உடைந்த விமானத்துக்குள் படுக்கும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். ஸ்ட்ராக் குடும்பத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள் மற்றவர்கள் செய்ய முடியாத வேலையை, இறந்தவர்களின் உடலை வெட்டிப் பங்கிடும் வேலையை, தாங்களே ஏற்றார்கள். தான் இறந்தால் தன் உடலை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தார்கள். இளையவர்கள் உள்ள வகுப்பில் இந்தப் பகுதி வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிர்ச்சிக்காகப் படிக்கவும் கூடாது, தாண்டிப் போகவும் கூடாது. நடைப்பயணத்தில் விசின்டின் திரும்பியது உணவு இருவருக்கு அதிக நாள் வரட்டும் என்பதற்காக. போகாமல் இருப்பதும் ஒரு கொடை என்ற கட்டம் நம் அட்டவணையில் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள். கதைக்கேற்பக் கட்டம் கூடலாம்.

சுமைக் கட்டத்தில் ஒரு நல்ல பதிவு: பனிக்கட்டிமேல் நடக்கத் தொடங்கும்போது ஷாக்கிள்டன் ஒருவருக்கு இரண்டு பவுண்டு, ஒரு கிலோவுக்கும் குறைவு, என்று வரம்பு போட்டார். வானிலையாளர் ஹஸியின் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை மட்டும் எடுத்துவரச் சொன்னார்.

மருந்துக் கட்டம் சிறியது, கனமானது. 1912 மார்ச்சில் ஸ்காட் கட்டளையிட்டு, வில்சனிடமிருந்த அபின் மாத்திரைகளை ஆளுக்கு 30 என்று பிரித்துக் கொடுக்கவைத்தார். சாவதற்கான வழியையும் சமமாகப் பங்கிட்டார்கள். அதைப் பயன்படுத்தவில்லை என்றும் குறிப்பு சொல்கிறது.

கணக்குப் போடும்போது நடக்கும் பெரிய தவறு, பங்கின் குறையை மனத்தின் குறையாகப் படிப்பது. ஸ்காட்டின் குழுவுக்கு உணவும் எண்ணெயும் நான்கு பேருக்கென்று கட்டியிருந்தார்கள். கடைசியில் ஐந்தாவதாகப் பவர்ஸைச் சேர்த்தார்கள். நால்வர் கூடாரத்தில் ஐவர். சமைக்க நாளுக்கு அரைமணி வரை கூடுதல். ஆட்கள் சோர்ந்ததும் எரிச்சல்பட்டதும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை. “கேட்டினும் உண்டோர் உறுதி கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்” என்றார் வள்ளுவர். அளக்கும் கோல் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆளை அளக்க வேண்டும்.

கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள்

நம் வாசகர்களுக்குத் தனிக் கண் இருக்கும் இடம் இது. 1860 நவம்பர் 16-இல் டர்பனில் இறங்கிய ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள் 342 பேர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டு மாதம் பத்து ஷில்லிங். அவர்களின் வழிவந்தவர்கள் ஒரு பயணக் கதையில் கூலிக்கு வந்தவர் எங்கே என்று தேடாமல் இருக்க முடியாது.

அடா பிளாக்ஜாக்கை எடுங்கள். அலாஸ்காவின் இனுபியாக் பெண். மகனின் காசநோய்ச் சிகிச்சைக்குப் பணம் வேண்டி, மாதம் 50 டாலர் சம்பளத்துக்குத் தையல் வேலையாளாக 1921 செப்டம்பரில் நான்கு ஆண்களோடு ஆர்க்டிக் கடலின் ரேங்கல் தீவுக்குப் போனார். 1923 ஜனவரி இறுதியில் மூவர் உதவி தேடிக் கிளம்பி மறைந்துபோனார்கள். ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைநோயில் விழுந்த நான்காமவர் நைட்டை, அவர் ஏசிக்கொண்டிருக்க, ஜூன் மாதம் அவர் சாகும்வரை பார்த்துக்கொண்டார். பிறகு ஆகஸ்டில் கப்பல் வரும்வரை தனியாக, பூனையோடு, வேட்டையாடிப் பிழைத்தார். இதைத் தோழமை என்று எழுதுவதா, கூலி என்று எழுதுவதா, கடமை என்றா? வகுப்பில் இந்தக் கேள்விக்கு அரைமணி ஒதுக்குங்கள்.

1846-47-இல் அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் சிக்கிய டானர் கூட்டத்தில், குடியேற மேற்கே போனவர்களில், 87 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மீண்டார்கள். குடும்பமாக வந்தவர்களைவிடத் தனியாக வந்த ஆண்கள் அதிகம் இறந்தார்கள். அவர்களுக்கு உணவு கொண்டுவந்து உதவிய மிவோக் இனத்து இருவர், லூயிஸ், சல்வடோர். மனித இறைச்சியை உண்ண மறுத்தவர்கள் அவர்கள். கடைசியில் அவர்களையே சுட்டு உண்டார்கள். யார் பங்காளி, யார் பங்கு என்ற கோடு பசியில் எங்கே விழுந்தது என்பதை வாய்ப்பேச்சு மறைக்கும், கணக்கு மறைக்காது.

கோட்டை நிலத்திலேயே கீறியவர்களும் உண்டு. ஸ்காட்டின் வடக்குக் குழுவின் ஆறு பேர் 1912 குளிர்காலத்தைப் பனியைக் குடைந்த ஒரு சிறு குகையில் கழித்தார்கள். தலைவர் கேம்பெல் தரையில் ஒரு கோடு போட்டார்: அந்தப் பக்கம் அதிகாரிகள் மூவர், இந்தப் பக்கம் மாலுமிகள் மூவர். ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்டதாகக் கொள்ளக் கூடாது. படித்ததும் நம்மில் பலருக்குச் சேரியும் ஊரும் நினைவுக்கு வரும், கோபமும் வரும். அந்தக் கோபத்தை எழுதலாம். கூடவே, அந்தக் கோடு மாலுமிகளுக்கும் அதிகாரிகளைப் பற்றி மனம்விட்டுப் பேச ஒரு மறைவிடம் தந்தது என்பதையும், ஆறு பேரும் ஒரே கடல்நாய்க் கொழுப்பில் ஒரே அடுப்பில் பங்கிட்டுத் தின்றார்கள் என்பதையும் எழுத வேண்டும். ஆறு பேரும் உயிரோடு வந்தார்கள்.

தமிழில் சொல்லும்போது

ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் பேசச் சொன்னதன் காரணம் இங்கே இருக்கிறது. ஆங்கிலம் எல்லாரையும் ஒரே சொல்லால் விளிக்கிறது. தமிழில் சொல்பவர் நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். வைல்ட் ஷாக்கிள்டனிடம் என்ன சொல்லியிருப்பார்? ஆட்கள் அவரைப் பாஸ் என்றே அழைத்தார்கள். ‘ஐயா’ என்றால் தூரம் கூடிவிடும், ‘அண்ணா’ என்றால் உறவு கூடிவிடும். பாஸ் என்றே விட்டு, வினையில் ‘நீங்கள்’ போடுவது நன்றாக அமையும். பவர்ஸும் செர்ரியும் தங்களுக்குள் ‘நீ’, வில்சனிடம் ‘நீங்கள்’. வில்சன் வயதில் மூத்தவர். அந்த மூவரும் கடுங்குளிரிலும் தயவுசெய்தும் நன்றியும் சொல்ல மறக்கவில்லை என்று செர்ரி எழுதுகிறார். தமிழில் நெருங்கியவர்களிடம் நன்றி சொன்னால் விலகல்போல ஒலிக்கும். அந்த மரியாதையைச் ‘சாப்பிடறியாப்பா’, ‘இந்தா பிடி’ என்ற தொனியில் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒரு உரையாடலை மாணவர்கள் இப்படி மாற்றி எழுதினாலே பந்தத்தைப் பற்றி ஒரு பக்கம் சிந்தித்துவிட்டார்கள் என்று பொருள்.

பனி என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். முன்பனி, பின்பனி என்னும்போது அது புல்லின்மேல் விழும் நீர். வானிலிருந்து விழுவதை வெண்பனி, இறுகியதைப் பனிக்கட்டி, காற்றோடு அடிப்பதைப் பனிப்புயல், பாளத்தில் வாய்பிளந்த வெடிப்பைப் பனிப்பிளவு என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். எல்லாவற்றையும் பனி என்றே எழுதிய கட்டுரையில் எது ஆளைக் கொன்றது என்று தெரியாது.

ஒப்பீட்டை எழுதுதல்

நான்காம் வாரம் ஒவ்வொருவரும் 400 சொல்லில் ஒரு கட்டுரை. ஒரே ஒரு கட்டத்தை, உணவையோ சூட்டையோ இடத்தையோ, எடுத்து இரண்டு கதைகளிலும் தொடர வேண்டும். “ஷாக்கிள்டன் நல்ல தலைவர், பராடோவும் நல்ல தலைவர்” என்று ஆளோடு ஆளை வைக்கும் கட்டுரை எங்கும் போகாது. “எண்டியூரன்ஸில் சூட்டைப் பிரித்தது மேலிருந்து வந்த கட்டளை, ஆண்டிஸில் பிரித்தது படுக்கையை மாற்றிக்கொள்ளும் வழக்கம்” என்று தொடங்கினால் அடுத்த வரி தானாக வரும்: கட்டளையிட்டவர் போனபின் என்ன ஆயிற்று?

அதற்கு விடை யானைத் தீவில் இருக்கிறது. வைல்ட் ஒவ்வொரு காலையும் படுக்கைப் பைகளைச் சுருட்டச் சொன்னார்: இன்று பாஸ் வரலாம். நான்கு மாதத்துக்கு மேல், நாள் தவறாமல். இதைப் படிக்கும்போது புறநானூற்று 216-ஆம் பாடலைக் கையில் கொடுங்கள். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், நேரில் பாராத நண்பர் பிசிராந்தையார் வருவார் என்று சொல்லி, “இன்னே வருகுவன், ஒழிக்க, அவற்கு இடமே” என்கிறான். அவன் சாவதற்குக் காத்திருந்தான்; இவர்கள் பிழைப்பதற்கு. ஆனால் வராதவருக்காக இடமும் பையும் தயாராக வைத்திருந்தது ஒன்றே. இந்த இணையை மாணவர்கள் தாங்களே கண்டால் நல்லது. காணாவிட்டால் பாடலை மட்டும் படித்துக்காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

வைல்ட் பின்னாளில் நம் மாகாணத்துக்கே வந்தவர். ஜூலுலாந்தில் பருத்தி பயிரிட்டு நட்டப்பட்டு, 1939-இல் கிளெர்க்ஸ்டார்ப்பில் இறந்தார். அவருடைய சாம்பல் 2011-இல் தெற்கு ஜார்ஜியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஷாக்கிள்டனின் கல்லறைக்கு வலப்பக்கம் வைக்கப்பட்டது. பக்கத்து ஊர்ப் பெயர் கேட்டதும் இளையவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதால் இதை முதல் வாரம் சொல்லாமல் கடைசி வாரத்துக்கு வைத்திருங்கள்.

நான்கு வாரம் முடிந்தபின்னும் தொடர விரும்புகிறவர்களுக்கு அடுத்த இணை தயாராக இருக்கிறது. ஷாக்கிள்டனின் அதே பயணத்தில், கண்டத்தின் மறுபுறம், ராஸ் கடலில் பத்துப் பேர் இருந்தார்கள். 1915 மே மாதம் அவர்களுடைய கப்பல் புயலில் அடித்துச்செல்லப்பட்டது. வராத ஷாக்கிள்டனுக்காக அவர்கள் வழிநெடுக உணவுக் கிடங்கு வைத்தார்கள். எழுந்து நிற்க முடியாத ஸ்பென்சர்-ஸ்மித்தைச் சறுக்கு வண்டியில் வைத்து வாரக்கணக்கில் இழுத்தார்கள். அவர் வழியிலேயே இறந்தார். மொத்தம் மூன்று பேரை இழந்து, 1917 ஜனவரியில் ஏழு பேர் மீட்கப்பட்டார்கள். ஸ்பென்சர்-ஸ்மித்தை அருகிருந்து பார்த்துக்கொண்டவர் எர்னஸ்ட் வைல்ட், பிராங்க் வைல்டின் தம்பி. அண்ணன் யானைத் தீவில் பை சுருட்டச் சொல்லிக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில் தம்பி இந்தப் பக்கம் மற்றவர்களோடு காத்திருந்தார். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாது. இருவருக்கும் தனித்தனிப் பங்குக் கணக்கு போடுங்கள், அதே ஆறு கட்டத்தில்.